செங்குத்துக் கோட்டின் ஸனது

ஹதீஸ் கலையைப் பயின்றோர்க்கு ‘ஸனது’ என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. ஒரு செய்தி காதில் விழுந்தவுடன் அதை ஏற்பதோ மறுப்பதோ நம் முன்னோரின் வழக்கமன்று. இதை உமக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று ஒவ்வொரு கண்ணியாகக் கேட்டுச் சென்று, தொடர் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அவர்கள் தீர்ப்புக் கூறினர். மார்க்கச் செய்திக்குக் காட்டிய இந்தப் பேணுதலை மற்ற அறிவுத்துறைகளின் வரலாற்றைப் பேசும்போது நாம் காட்டுகிறோமா என்ற கேள்வி எனக்குள் எழக் காரணமாயிருந்தது ஒரு சிறு நிகழ்ச்சி.

எங்கள் அரபுக் கல்லூரி மாணவர்களில் சிலர் ஆலிம் படிப்புடன் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வுக்கும் ஆயத்தமாகி வருகின்றனர். ஒருநாள் மஃரிபுத் தொழுகைக்குப் பின் அவர்களில் ஒருவர் கணக்குப் புத்தகத்துடன் வந்தார். ஆயத்தொலை வடிவியல் பாடத்தில் ஒரு விதியின் கீழ்க் கோடிட்டிருந்தார்: இரு நேர்க்கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால் அவற்றின் சாய்வுகளின் பெருக்கற்பலன் −1. “ஹஜ்ரத், மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் இந்தக் கழித்தல் ஒன்று எங்கிருந்து வந்தது என்றுதான் விளங்கவில்லை” என்றார். அருகில் நின்ற இன்னொரு மாணவர், “அல்ஜப்ரா நம்முடையதுதானே! குவாரிஸ்மி கண்டுபிடித்ததாகத்தான் இருக்கும்” என்று பெருமையோடு சொன்னார். முதல் மாணவரின் கேள்வி நியாயமானது. இரண்டாமவரின் பதிலுக்கு ஸனது இல்லை. அன்றிரவு இருவருக்கும் நான் விடை சொல்லவில்லை. பிறகு தேடிப் படித்ததன் சாரமே இக்கட்டுரை.

பாகப்பிரிவினையும் நில அளவையும்

முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி அப்பாசியக் கலீஃபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (கி.பி. 813–833) பக்தாதில் வாழ்ந்தவர், பைத்துல் ஹிக்மாவுடன் தொடர்புடையவர். ‘அல்ஜப்ரு வல்முகாபலா’ பற்றிய தமது நூலைக் கலீஃபாவின் ஊக்குவிப்பால் எழுதியதாக அவரே முன்னுரையில் கூறுகிறார். வாரிசுரிமை, மரண சாஸனம், பங்கீடு, வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் தோண்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு நாள்தோறும் தேவைப்படுவதைத் தருவதே அவரது நோக்கம். சூரத்துன் நிஸாவின் 11, 12, 176 ஆம் வசனங்கள் வகுத்த பங்குகளைப் பிழையின்றிப் பிரித்துக் கொடுப்பது ஒரு மார்க்கக் கடமையாக இருந்ததால், நூலின் பெரும்பகுதி ஃபராயிள் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது.

ஜப்ரு என்பது முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதையும் குறிக்கும் சொல். கணக்கில் அது, ஒரு பக்கத்தில் குறைவுபட்டு நிற்கும் உறுப்பை இரு பக்கமும் கூட்டி நிறைவாக்குவதாகும். முகாபலா என்பது இரு பக்கத்திலும் உள்ள ஒரே இன உறுப்புகளை எதிரெதிரே வைத்துக் கழித்துவிடுவது. தெரியாத எண்ணுக்கு அவர் இட்ட பெயர் ‘ஷைஃ’, அதாவது ‘பொருள்’. அதன் வர்க்கத்திற்கு ‘மால்’ என்று பெயர். இன்று நாம் எழுதும் எழுத்துக் குறியீடுகள் எதுவும் அவரிடம் இல்லை. கணக்கு முழுவதும் வாக்கியங்களாகவே ஓடும்.

இந்நூலில் ‘பாபுல் மிஸாஹா’ என்னும் அளவை அத்தியாயம் ஒன்றுண்டு. ராபர்ட் ஆஃப் செஸ்டர் 1145இல் ஸ்பெயினின் செகோவியாவில் இந்நூலை லத்தீனில் பெயர்த்தபோது இந்த அத்தியாயத்தையும் ஃபராயிள் பகுதியையும் சேர்க்கவில்லை. ஐரோப்பா நெடுங்காலம் அறிந்த குவாரிஸ்மி, சமன்பாடுகளின் குவாரிஸ்மி மட்டுமே. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ள ஹிஜ்ரி 743ஆம் ஆண்டின் கைப்பிரதியைக் கொண்டு, ஃபிரெடெரிக் ரோசன் என்பார் 1831இல் லண்டனில் அரபு மூலத்தையும் ஆங்கிலப் பெயர்ப்பையும் ஒருசேர வெளியிட்ட பின்னரே அளவை அத்தியாயம் மேலைநாட்டு வாசகர் கைக்குப் பரவலாக எட்டியது. நம் மாணவரின் கேள்விக்கான முதல் கண்ணி அந்த அத்தியாயத்தில்தான் இருக்கிறது.

கல் விழும் இடம்

ஒரு முக்கோண நிலம். பக்கங்கள் 13, 14, 15 முழம். அதன் பரப்பு எவ்வளவு? பரப்பைக் காண உயரம் வேண்டும். உயரம் என்பது உச்சியிலிருந்து அடிப்பக்கத்திற்கு இறங்கும் செங்குத்துக் கோடு. அரபியில் அதற்கு ‘அமூத்’ என்று பெயர். தூண், கம்பம் என்பதே அச்சொல்லின் பொருள். அந்தச் செங்குத்து அடிப்பக்கத்தைத் தொடும் புள்ளிக்கு அரபு அளவை நூல்கள் இட்ட பெயர் இன்னும் அழகானது: ‘மஸ்கத்துல் ஹஜர்’, அதாவது கல் விழும் இடம். உச்சியிலிருந்து ஒரு கல்லை நழுவவிட்டால் அது நேராக எங்கே வந்து விழுமோ அந்த இடம். கொத்தனார் கையில் தூக்குக்குண்டு தொங்குவதைக் கண்ட எவர்க்கும் இப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

நிலத்தின் நடுவே உள்ள அந்த இடத்தைக் கோல் கொண்டு அளந்து தேடாமல், மூன்று பக்க அளவுகளை மட்டும் கொண்டு கணக்கால் கண்டறிய முடியுமா? குவாரிஸ்மி செய்து காட்டியது அதுவே. அவர் வழியைத் தமிழில் சுருக்கித் தருகிறேன்.

அடிப்பக்கம் 14 என்று கொள்வோம். அதன் ஒரு முனையிலிருந்து, அதாவது 13 முழப் பக்கம் வந்து சேரும் முனையிலிருந்து, கல் விழும் இடம் ஒரு ‘பொருள்’ தொலைவில் இருக்கட்டும். 13இன் வர்க்கம் 169. அதிலிருந்து பொருளின் வர்க்கமாகிய மாலைக் கழித்தால் எஞ்சுவது உயரத்தின் வர்க்கம். இனி மறுபக்கம் வருவோம். அடிப்பக்கத்தின் மீதி 14இல் ஒரு பொருள் குறைவு. அதன் வர்க்கம் 196உம் ஒரு மாலும் சேர்ந்ததில் 28 பொருள்கள் குறைவு. இதை 15இன் வர்க்கமாகிய 225இலிருந்து கழித்தால் கிடைப்பது 29உம் 28 பொருள்களும் சேர்ந்ததில் ஒரு மால் குறைவு. இதுவும் அதே உயரத்தின் வர்க்கமே. ஆகவே இரண்டும் சமம். இரு பக்கமும் ஒரு மால் குறைவுபட்டு நிற்கிறது. இரண்டையும் நிறைவாக்கினால் மால் நீங்கிவிடும். 169 ஒரு பக்கம். 29உம் 28 பொருள்களும் மறுபக்கம். 29ஐ இரு பக்கமும் நீக்கினால் 140 என்பது 28 பொருள்களுக்குச் சமம். ஆகவே ஒரு பொருள் 5.

கல் விழும் இடம் முனையிலிருந்து 5 முழத்தில் உள்ளது. உயரத்தின் வர்க்கம் 169இல் 25 போக 144, உயரம் 12. பரப்பு 14இன் பாதியை 12ஆல் பெருக்க வரும் 84 சதுர முழம்.

இங்கே நிகழ்ந்திருப்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். செங்குத்து என்பது கண்ணால் பார்த்து, மூலைமட்டம் வைத்துச் சரிபார்க்கும் ஒன்று. அதைக் குவாரிஸ்மி சமன்பாடாக மாற்றுகிறார். ‘இக்கோடு அக்கோட்டுக்குச் செங்குத்து’ என்ற வடிவியல் வாக்கியம், ‘இந்தத் தொகை அந்தத் தொகைக்குச் சமம்’ என்ற அல்ஜப்ரு வாக்கியமாகிவிட்டது. பள்ளிப் புத்தகத்தின் விதியும் அடிப்படையில் இதே செயலைத்தான் செய்கிறது.

ஆயினும் இம்முக்கோணமே குவாரிஸ்மியின் படைப்பு என்று சொல்லிவிடக் கூடாது. 13, 14, 15 பக்கங்களைக் கொண்ட முக்கோணம் அவருக்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் முந்திய அலெக்சாந்திரியாவின் ஹீரோன் எழுதிய நூலில் இருக்கிறது. அடிப்பக்கம் செங்குத்தால் இரண்டாகப் பிரியும் துண்டுகளைக் காணும் சூத்திரத்தைப் பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டிலேயே தந்திருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரரின் லீலாவதியிலும் இதே அளவுகள் வருகின்றன. அடித்தளமாகிய வடிவியல் உண்மையோ யூக்ளிடின் இரண்டாம் நூலில் உள்ளது. குவாரிஸ்மிக்கு உரியது, தெரியாத அந்தத் தொலைவைப் ‘பொருள்’ என்று பெயரிட்டு, ஜப்ரு முகாபலா என்னும் பொது வழியால் அதை வெளிக்கொணர்ந்தது. சூத்திரம் ஒரு கணக்குக்கு விடை தரும். வழியோ வராத கணக்குகளுக்கும் விடை தரும்.

இந்தக் கண்ணி நம் நாட்டு மதரஸாக்கள் வரை நீண்டு வந்திருக்கிறது. பஹாவுத்தீன் அல்ஆமிலி (1547–1621) எழுதிய ‘குலாஸத்துல் ஹிஸாப்’ நூலின் அளவைப் பகுதியில் மஸ்கத்துல் ஹஜரைக் காணும் விதி இருக்கிறது. மிக நீண்ட பக்கத்தை அடியாக வை; மற்ற இரண்டின் கூட்டலை அவற்றின் வேறுபாட்டால் பெருக்கு; அடியால் வகு; வந்ததை அடியிலிருந்து கழி; மீதியின் பாதியே குறுகிய பக்கத்து முனையிலிருந்து செங்குத்து விழும் தொலைவு என்பது அதன் கருத்து. நமது முக்கோணத்தில் 15 அடிப்பக்கம். 27ஐ 1ஆல் பெருக்கி 15ஆல் வகுக்க 1.8. 15இல் அது போக 13.2; பாதி 6.6. உயரத்தின் வர்க்கம் 169இல் 43.56 போக 125.44, உயரம் 11.2. பரப்பு மீண்டும் அதே 84. முல்லா நிஜாமுத்தீன் (மறைவு 1748) லக்னோவின் ஃபிரங்கி மஹலில் உருவாக்கிய தர்ஸே நிஜாமிப் பாடத்திட்டத்தில் குலாஸத்துல் ஹிஸாபும், நஸீருத்தீன் தூஸி அரபியில் செம்மைப்படுத்திய யூக்ளிடின் முதல் நூலும் இடம்பெற்றிருந்தன. ஒரு கோட்டுக்குச் செங்குத்து வரையும் முறைகள் அந்த முதல் நூலின் 11, 12 ஆம் தேற்றங்கள். அதாவது, இந்தியாவில் ஆலிம் ஆனவர்கள் செங்குத்துக் கோட்டைப் பாடமாகவே படித்த காலம் ஒன்றிருந்தது.

நிழலின் கணக்கு

இனி இரண்டாம் கண்ணி. பள்ளிப் புத்தகம் ‘சாய்வு’ என்று சொல்வது என்ன? கிடையாக ஓரடி நகரும்போது கோடு எத்தனை அடி உயர்கிறது என்ற விகிதமே சாய்வு. இந்த விகிதத்தை முஸ்லிம் அறிஞர்கள் நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் அதற்கு இட்ட பெயர் ‘ளில்லு’, அதாவது நிழல்.

அல்லாஹ் நிழலை நீட்டுவதையும் சூரியனை அதற்கு வழிகாட்டியாக ஆக்கியிருப்பதையும் சிந்திக்குமாறு அல்ஃபுர்கான் அத்தியாயம் (25:45) மனிதனை அழைக்கிறது. தொழுகை நேரம் நிழலைக் கொண்டே அறியப்பட்டது. நண்பகல் நிழல் நீங்கலாக ஒரு பொருளின் நிழல் அதன் நீளத்திற்குச் சமமானால் அஸர் நேரம் தொடங்குகிறது என்பது ஷாஃபிஈ மத்ஹப். இருமடங்கானால் தொடங்குகிறது என்பது ஹனஃபி மத்ஹபில் பெயர்பெற்ற கருத்து. எனவே ஒரு கம்பைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழலின் நீளத்தையும் சூரியனின் உயரக் கோணத்தையும் இணைக்கும் அட்டவணைகளை அறிஞர்கள் தயாரித்தனர். டமாஸ்கஸின் உமையாப் பள்ளிவாசலில் நேரக்கணிப்பாளராக, அதாவது முவக்கித்தாக, இருந்த இப்னுஷ் ஷாதிர் 1371இல் அப்பள்ளியின் மினாராவுக்கென ஒரு நிழற்கடிகாரத்தை அமைத்தார். நிழற்கணிதம் பள்ளிவாசலுக்கு உள்ளேயே வளர்ந்த கலை.

அவர்கள் இருவகை நிழலைப் பேசினர. தரையில் நட்ட கம்பின் நிழல் தரையில் விழுவது ‘ளில்லு மப்ஸூத்’, விரிந்த நிழல். சுவரில் கிடையாகப் பொருத்திய கம்பின் நிழல் சுவரில் கீழ்நோக்கி விழுவது ‘ளில்லு மஃகூஸ்’, திருப்பப்பட்ட நிழல். சூரியன் உயர உயர முன்னது குறையும், பின்னது கூடும். கம்பை 12 விரல் அளவாகக் கொள்வது பெருவழக்கு. தரை நிழல் 9 விரலாக இருக்கும் வேளையில் சுவர் நிழல் 16 விரலாக இருக்கும். 9ஐ 16ஆல் பெருக்கினால் 144. அது 12இன் வர்க்கம். சூரியன் எந்த உயரத்தில் இருந்தாலும் இது மாறாது. பக்தாதின் அபுல் வஃபா அல்பூஸ்ஜானியும் (940–998), நிழல்களைப் பற்றியே தனி நூல் எழுதிய அபூரைஹான் அல்பீரூனியும் (973–1048) இவ்விரு நிழல்களுக்கும் கம்புக்கும் உள்ள இந்த விகித உறவை அறிந்து கையாண்டனர்.

இதற்கும் செங்குத்துக் கோடுகளுக்கும் என்ன தொடர்பு? கம்பின் நுனியிலிருந்து தரை நிழலின் முனைக்குச் செல்லும் ஒளிக்கதிரை ஒரு கோடாகக் கொள்ளுங்கள். அதே நுனியிலிருந்து, அந்தக் கதிருக்குச் செங்குத்தாக, மறுபுறம் ஒரு கோடு தரைக்கு இறங்கட்டும். முதற்கோடு கம்பின் அடியிலிருந்து 9 விரலில் தரையைத் தொட்டால், இரண்டாம் கோடு மறுபுறம் 16 விரலில் தொடும். சுவர் நிழலின் அதே அளவு!

குவாரிஸ்மியின் வழியிலேயே இதை நிறுவலாம். கம்பின் நீளம் 1 என்க. ஒருபுறத் தொலைவை முதற்பொருள் என்றும், மறுபுறத் தொலைவை இரண்டாம் பொருள் என்றும் சொல்வோம். ஒரு சாய்கோட்டின் வர்க்கம் 1உம் முதற்பொருளின் வர்க்கமும் சேர்ந்தது. மற்றதன் வர்க்கம் 1உம் இரண்டாம் பொருளின் வர்க்கமும் சேர்ந்தது. நுனியில் செங்கோணம் இருப்பதால், இவ்விரண்டின் கூட்டல் அடிப்பக்கத்தின் வர்க்கத்திற்குச் சமமாக வேண்டும். அடிப்பக்கமோ இரு பொருள்களின் கூட்டல். அதன் வர்க்கம், இரு பொருள்களின் தனித்தனி வர்க்கங்களும் அவற்றின் பெருக்கற்பலனின் இருமடங்கும் சேர்ந்தது. இரு பக்கமும் உள்ள வர்க்கங்களை எதிரெதிரே நீக்கினால் ஒருபுறம் 2. மறுபுறம் பெருக்கற்பலனின் இருமடங்கு. ஆகவே பெருக்கற்பலன் 1.

இப்போது இந்தப் படத்தைக் கால் திருப்பம் திருப்பிப் பாருங்கள். நின்ற கம்பு கிடையாகப் படுத்துவிடுகிறது. அதுவே சாய்வின் இலக்கணத்தில் வரும் ‘கிடையாக ஓரடி’. ஒருபுறத் தொலைவு ஏற்றமாகிறது. மறுபுறத் தொலைவு இறக்கமாகிறது. ஆகவே செங்குத்தான இரு கோடுகளில் ஒன்றின் ஏற்ற விகிதத்தை மற்றதன் இறக்க விகிதத்தால் பெருக்கினால் 1 வரும். ஏற்றத்தைக் கூட்டல் என்றும் இறக்கத்தைக் கழித்தல் என்றும் குறித்தால் விடை −1. மாணவர் கேட்ட ‘கழித்தல் ஒன்றில்’ ஒன்று என்பது கம்பின் வர்க்கம். கழித்தல் என்பது, ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே ஆகவேண்டும் என்பதன் அடையாளம். கிடைக்கோடும் நிலைக்குத்துக் கோடும் மட்டும் இவ்விதிக்குப் புறம்பாக நிற்கும். நிலைக்குத்துக் கோட்டுக்குச் சாய்வு என்று ஓர் எண் இல்லை என்பதே காரணம்.

இந்த நிழல்கள் ஐரோப்பாவுக்கும் சென்றன. உம்பிரா ரெக்டா, உம்பிரா வெர்சா என்று லத்தீன் நூல்களும் கருவிகளும் இரு நிழல்களையும் குறித்தன. உம்பிரா என்றால் நிழல். 1583இல் தாமஸ் ஃபிங்க் என்ற டென்மார்க் அறிஞர் திருப்பப்பட்ட நிழலுக்கு டாஞ்சென்ட் என்ற புதுப்பெயரைத் தந்தார். பெயர் மாறியதும் நிழல் மறைந்தது. பள்ளியில் டான் என்று சொல்லும் பிள்ளைக்கு அது அஸர் நேரத்தின் நிழல் என்பது தெரிவதில்லை.

கழித்தல் குறி வந்த வழி

ஒன்றின் ஸனதைக் கண்டோம். கழித்தல் குறியின் ஸனது வேறு. அது குவாரிஸ்மியிடம் இல்லை. குறைவுபட்ட உறுப்பை அவர் கணக்கின் நடுவே கையாண்டார்; ஆனால் குறை எண் ஒன்று தனித்து நின்று விடையாக வருவதை அவர் ஏற்கவில்லை. அதனாலேயே சமன்பாடுகளை ஆறு வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வழி கூற நேர்ந்தது.

குறை எண்களுக்கு முறையான விதிகளை முன்னரே தந்தவர் பிரம்மகுப்தர். மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் பொருள்படும் சொற்களால் அவர் குறித்தார். பக்தாதின் அபுல் வஃபா, எழுத்தர்களுக்கும் அரசு அலுவலர்க்குமான தமது கணக்கு நூலில் ஓரிடத்தில் குறை எண்ணைக் கையாளும்போது அவரும் ‘தைன்’, கடன் என்ற சொல்லையே பயன்படுத்துகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஸ்ஸமவ்அல் அல்மக்ரிபீ தமது ‘அல்பாஹிர்’ நூலில், ஒன்றுமில்லாததிலிருந்து குறைவைக் கழித்தால் மிகை வரும் என்பன போன்ற விதிகளைத் தெளிவாக வகுத்தார். யூதக் குடும்பத்தில் பிறந்து பின்னர் இஸ்லாத்தைத் தழுவியவர் அவர். அறிவின் தொடரில் கண்ணிகள் எங்கெங்கிருந்து வந்து கோக்கப்படுகின்றன என்பதற்கு இதுவே சான்று.

கோட்டுக்கு ஒரு சமன்பாடு

மூன்றாவது கண்ணி, கோட்டையே சமன்பாடாக எழுதுவது. குவாரிஸ்மி ஒரு முக்கோணத்தின் ஒரு தொலைவைச் சமன்பாட்டால் கண்டார். ஆனால் முடிவின்றி நீளும் ஒரு கோட்டின் எல்லாப் புள்ளிகளையும் ஒரே சமன்பாட்டில் அடக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. உமர் கய்யாம் (1048–1131) முப்படிச் சமன்பாடுகளை வளைவுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளால் தீர்த்து, அல்ஜப்ருக்கும் வடிவியலுக்கும் இடையே உறுதியான பாலத்தைக் கட்டினார். ஆயினும் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சமன்பாடு என்ற பொதுமுறை பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் ஃபெர்மாவும் டெக்கார்ட்டும் தந்ததே. 1637இல் வெளியான தமது வடிவியல் நூலில், வளைவு ஒன்றுக்குச் செங்குத்தான கோட்டைக் காணும் கணக்கையே தாம் அறிந்தவற்றுள் மிகப் பயனுள்ளதென டெக்கார்ட் மதித்தார். புதிய கணிதத்தின் வாசலிலும் செங்குத்துக் கோடுதான் நிற்கிறது. நேர்க்கோட்டின் சமன்பாட்டைச் சாய்வோடு எழுதி, செங்குத்துக்கான விதியை இன்றைய பள்ளிப் புத்தக வடிவில் தரும் வழக்கம் இன்னும் பிந்தியது; பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மோஞ்சு, லக்ருவா போன்ற பிரெஞ்சு ஆசிரியர்களின் எழுத்துகளால் அது நிலைபெற்றது.

பழைய வழியும் புதிய வழியும் ஒரே இடத்தைச் சேர்கின்றனவா என்று குவாரிஸ்மியின் முக்கோணத்தைக் கொண்டே சோதித்துப் பார்ப்போம். 13, 14 பக்கங்கள் சந்திக்கும் மூலையை ஆதிப்புள்ளியாகவும், 14 முழ அடிப்பக்கத்தைக் கிடை அச்சாகவும் கொள்வோம். உச்சி கிடையாக 5, மேலாக 12 தொலைவில் உள்ளது. எனவே 13 முழப் பக்கத்தின் சாய்வு 12இன் கீழ் 5. அடிப்பக்கத்தின் மறுமுனையிலிருந்து அப்பக்கத்திற்கு ஒரு செங்குத்து வரைய வேண்டும். விதிப்படி அதன் சாய்வு, முந்தியதைத் தலைகீழாக்கிக் குறியை மாற்றக் கிடைக்கும் −5/12. அது கிடையாக 14, மேலாக 0 என்ற புள்ளி வழியே செல்வதால் அதன் சமன்பாடு இவ்வாறு அமையும்: கிடைத்தொலைவின் 5 மடங்கும் மேல்தொலைவின் 12 மடங்கும் சேர்ந்தால் 70. இது 13 முழப் பக்கத்தைச் சந்திக்கும் இடம் கிடையாக 350/169, மேலாக 840/169. மூலையிலிருந்து அதன் தொலைவு 70/13.

இனிக் குவாரிஸ்மியின் வழி. 13 முழப் பக்கத்தை அடியாக வைத்து, மூலையிலிருந்து கல் விழும் தொலைவைப் பொருள் என்போம். 14இன் வர்க்கம் 196இல் ஒரு மால் குறைவு. மறுபக்கம் 225இலிருந்து, 13இல் ஒரு பொருள் குறைந்ததன் வர்க்கத்தைக் கழித்தால், 56உம் 26 பொருள்களும் சேர்ந்ததில் ஒரு மால் குறைவு. மால்கள் நீங்க, 140 என்பது 26 பொருள்களுக்குச் சமம். ஒரு பொருள் 70/13. அணுவளவும் பிசகாமல் அதே இடம்! எண்ணூறு ஆண்டு இடைவெளியில் பிறந்த இரு வழிகள், இறக்கிய கல்லை ஒரே புள்ளியில் விழச் செய்கின்றன.

ஸனது கற்பிக்கும் பாடம்

ஆகவே அந்த மாணவர் கோடிட்ட ஒரு வரியின் தொடர் இது. செங்கோண முக்கோணத்தின் உண்மை யூக்ளிடிடமிருந்து வந்தது. செங்குத்தைச் சமன்பாடாக்கும் வழி குவாரிஸ்மியிடமிருந்து வந்தது. சாய்வின் விகிதமும் அதன் தலைகீழும் தொழுகை நேரம் கணித்தோரின் இரு நிழல்களில் இருந்தன. கழித்தல் குறிக்குரிய எண்ணம் இந்திய மண்ணில் முறைப்பட்டு, அஸ்ஸமவ்அல் போன்றோரிடம் அல்ஜப்ருடன் இணைந்தது. கோட்டின் சமன்பாடு பிரான்சில் பிறந்தது.

எல்லாம் நம்முடையதே என்று முழங்கும் கட்டுரைகளும் சொற்பொழிவுகளும் நம்மிடையே குறைவில்லை. அவற்றின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் பிறருக்குரியதை நமக்கென்று சொல்வது அமானிதத்திற்கு மாறு. மேலும் அது கேட்பவரின் படிப்பார்வத்தை எழுப்பாமல் உறங்கச் செய்கிறது. முன்னோர் முடித்துவிட்டார்கள் என்றால் பின்னோர்க்கு என்ன வேலை? மறுபுறம், கணக்கு என்பது மேலைநாட்டுச் சரக்கு. மார்க்கம் கற்பவனுக்கு அது புறம்பானது என்று ஒதுங்குவோரும் இருக்கின்றனர். அவர்களுக்கும் இதே ஸனது விடை சொல்கிறது. ஃபராயிளைப் பிழையின்றிப் பிரிக்கவும் அஸரின் நேரத்தை அறியவும் எழுந்த கணக்கு எப்படிப் புறம்பானதாகும்? குலாஸத்துல் ஹிஸாப் பல மதரஸாக்களின் பாடத்திட்டத்திலிருந்து நீங்கிவிட்டது. அதை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டுமென்று நான் கூறவில்லை. அதன் இடத்தில் இன்று ஒரு கணக்குப் புத்தகம், அதன் வரலாற்றோடு சேர்த்துக் கற்பிக்கப்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஸனதில் ஒரு கண்ணியாக இருப்பதே பெரும் கண்ணியம். ஹதீஸ் அறிவிப்பாளர் எவரும் அச்செய்தி தம்முடையது என்று உரிமை கொண்டாடியதில்லை. கேட்டதைப் பேணி, அடுத்தவருக்குக் குறைவின்றிச் சேர்த்ததே அவர்களின் சிறப்பு. கணக்கில் நம் முன்னோர் அதற்கும் ஒருபடி மேலே சென்று, பெற்றதைப் பெருக்கியும் கொடுத்தனர். அந்தத் தொடர் நம் கையில் வந்து அறுந்துவிடாமல் காப்பதே நம் முன்னுள்ள கடமை.

மறுவாரம் அம்மாணவர்கள் இருவரையும் கல்லூரி முற்றத்திற்கு அழைத்துச் சென்று, ஒரு கம்பை நட்டு நிழலை அளக்கச் சொன்னேன். ஒருவர் அளந்தார், மற்றவர் கணக்கிட்டார். கம்பின் நுனியில் நூலைக் கட்டி, மூலைமட்டம் வைத்து, கதிருக்குச் செங்குத்தாக மறுபுறம் இழுத்துத் தரையில் குறித்தனர். இரு தொலைவுகளையும் பெருக்கியபோது வந்த விடை கம்பின் வர்க்கத்திற்கு ஒரு விரல்கடை முன்பின்னாக இருந்தது. அந்தப் பிசகு எங்கிருந்து வந்தது என்று இருவரும் வாதிட்டுக் கொண்டிருக்கையில் அஸருக்கு பாங்கு ஒலித்தது.